ஓயாச் சக்கரம்

ஜூலை 6

அன்புள்ள கேள்விக்குறிக்கு,

மாமா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். நலத்துக்கு என்ன குறைச்சல்? ஓட்டல் சலவைக்கூடத்தில் நான் ஒருநாள் லீவு போட்டால் ஒரு தலையணை உறைகூட வெளுக்காது என்று மேனேஜரே சொல்லிவிட்டார். வாய்விட்டுச் சொல்லவில்லை, முகத்தில் தெரிந்தது.

நீ கல்லூரியில் கிளாசிக்கல் மெக்கானிக்ஸ் படிக்கப் போகிறாய் என்று உன் அம்மா சொன்னாள். அடி சக்கை! தெரு முழுக்கச் சொல்லிவிட்டேன். "என் மருமக மெக்கானிக்குக்குப் படிக்கிறா. சாதா மெக்கானிக் இல்லை, கிளாஸ் மெக்கானிக்." உன் அத்தை, "அது வேற என்னமோவா இருக்கும், உளறிக் கொட்டாதீங்க" என்றாள். நான் ஒன்பதாம் வகுப்பைத் தாண்டாதவன் என்று அவளுக்கு ஒரு இளக்காரம். நானா தாண்டவில்லை? பத்தாம் வகுப்புதான் என்னைத் தாங்காது என்று ஒதுங்கிக்கொண்டது.

விஷயத்துக்கு வருகிறேன். நம் சக்கரம் தயாராகிவிட்டது. சின்ன வயதில் நீ என் மடியில் உட்கார்ந்துகொண்டு, "தானா சுத்துற சக்கரம் எப்ப மாமா செய்வே, எப்ப செய்வே" என்று உயிரை எடுப்பாயே, அதேதான். ஓட்டலில் கழித்துப்போட்ட பெரிய சலவை எந்திரம் ஒன்று கிடந்தது. அதன் டிரம்மைத் தாங்கிய தண்டு, இரண்டு பேரிங், பின்பக்க வட்டத் தகடு எல்லாவற்றையும் கேட்டு வாங்கினேன். வட்டத்தைச் சுற்றிப் பன்னிரண்டு குழாய், குழாய்க்குள் வழுக்கி ஓடும் போல்ட்டு. வலப்பக்கம் வரும்போது போல்ட்டு வெளியே தள்ளிப்போகும், அந்தப் பக்கம் கனம் கூடும், கீழே இழுக்கும். இடப்பக்கம் ஏறும்போது உள்ளே வழுக்கிவிடும், கனம் குறையும். அப்புறம் என்ன, சுற்றிக்கொண்டே இருக்க வேண்டியதுதான். கரண்டும் வேண்டாம், எண்ணெயும் வேண்டாம். ஓயாது.

படம் போட்டு இத்துடன் வைத்திருக்கிறேன். உன் பேராசிரியரிடம் காட்டு. மயக்கம் போட்டு விழுந்தால் தண்ணீர் தெளிக்க ஆள் வைத்துக்கொள்.

இப்படிக்கு,
உன் மாமா, சலவைத் துறைத் தலைவர்
(துறையில் நான் ஒருவன்தான், அதனால் என்ன)


ஜூலை 27

அன்புள்ள மாமாவுக்கு,

கடிதமும் படமும் வந்தன. வட்டத்தை எதை வைத்துப் போட்டீர்கள்? டிபன் தட்டா? ஓரத்தில் குழம்புக் கறை இருக்கிறது.

விடுதி பழகிவிட்டது. அறையில் மூன்று பேர், ஜன்னல் ஒன்று. அதன் பக்கத்துக் கட்டில் எனக்கு இல்லை. வகுப்பில் மற்றவர்கள் எல்லாம் இந்தப் பாடத்தைப் பிறக்கும்போதே படித்துவிட்டு வந்த மாதிரி இருக்கிறார்கள். பேராசிரியர் பலகையில் பாதி எழுதுவதற்குள் மீதியைச் சொல்லிவிடுகிறார்கள். நான் குனிந்து எழுதிக்கொண்டே இருக்கிறேன். இங்கே நான் இன்னும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை என்றால் நம்புவீர்களா?

மெக்கானிக்ஸ் என்றால் ரிப்பேர் வேலை இல்லை, மாமா. தெருவில் சொன்னதை இனி மாற்றவும் முடியாது, விடுங்கள். பொருள்கள் ஏன் நகர்கின்றன, எப்படி நகர்கின்றன என்பதுதான் பாடம். கணக்குகளில் கயிற்றுக்கு எடை கிடையாது, கப்பிக்கு உராய்வு கிடையாது, மேசை கண்ணாடி போல வழுக்கும். அப்படி ஒரு உலகம்.

படத்தைப் பேராசிரியர் மேடத்திடம் இப்போது காட்ட வேண்டாம் என்று நினைக்கிறேன். சுழற்சி பற்றிய பாடம் இனிமேல்தான் வரும். முதலில் நான் படித்துக்கொள்கிறேன்.

அன்புடன்,
கே.


ஆகஸ்ட் 19

அன்புள்ள கேள்விக்குறிக்கு,

எடையில்லாத கயிறா! உராய்வில்லாத கப்பியா! அந்தக் கடை விலாசம் கொஞ்சம் அனுப்பு, நானும் நாலு வாங்கிப் போடுகிறேன். இதையெல்லாம் எழுதினவர்கள் என் சலவைக்கூடத்தில் ஒரு காலைவேளை நின்றிருக்க வேண்டும். ஈரத் துணி எல்லாம் டிரம்மில் ஒரே பக்கம் சுருண்டுகொண்டால் அந்த எந்திரம் எப்படிக் குதிக்கும் தெரியுமா? போன வாரம் ஒன்று குதித்துக் குதித்துக் கதவு வரைக்கும் நடந்து போய்விட்டது. நான் மட்டும் குறுக்கே விழுந்து மறிக்கவில்லை என்றால் வரவேற்பறைக்குப் போய்ச் சாவி கேட்டிருக்கும்.

சக்கரத்துக்கு வருவோம். உன் அத்தையால் ஒரு சின்ன ரகளை. போல்ட்டுகள் குழாயில் விழுந்து விழுந்து எழுப்பும் சத்தத்தில் மத்தியானம் கண்ணசர முடியவில்லையாம். "ஒண்ணு அந்தச் சனியன் இருக்கணும், இல்லை நான் இருக்கணும்" என்றாள். சரி, எதற்கு வீட்டில் சண்டை என்று போல்ட்டு எல்லாவற்றையும் நுனிக்குத் தள்ளி அசையாமல் பற்றவைத்துவிட்டேன். பிறகு டிரம்முக்குப் பார்ப்பதுபோல் எடை சரிபார்த்து, கனம் கூடின இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக அரத்தால் ராவி எடுத்தேன். பேரிங்கில் இருந்த கெட்டி கிரீஸை மண்ணெண்ணெயில் கழுவிவிட்டுத் தையல் மிஷின் எண்ணெய் விட்டேன். இப்போது ஒரு சத்தம் இல்லை. பூனை நடப்பது போல் சுற்றுகிறது. ஒரு தள்ளு தள்ளினால் போதும். ஞாயிற்றுக்கிழமை தள்ளினேன், செவ்வாய்க்கிழமையும் சுற்றியது. உன் அத்தையைக் கேட்டால் இல்லை என்பாள், அவளுக்கு ஞாபக மறதி.

உங்கள் கல்லூரியில் செப்டம்பரில் இயற்பியல் கண்காட்சி என்று உன் அம்மா சொன்னாள். வெளியாரும் பொருள் கொண்டுவந்து வைக்கலாமாமே. வேன் பேசிவிட்டேன்.

இப்படிக்கு,
கண்டுபிடிப்பாளர் மாமா


செப்டம்பர் 3

மாமாவுக்கு,

தயவுசெய்து வர வேண்டாம்.

நேராகவே எழுதுகிறேன். உங்கள் படத்தை வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்த்தேன். வலப்பக்கம் போல்ட்டுகள் தள்ளி நிற்கின்றன, உண்மை. ஆனால் அந்தப் பக்கம் எந்த நேரத்திலும் குறைவான போல்ட்டுகள்தான் இருக்கும். இடப்பக்கம் ஒட்டி நிற்கின்றன, ஆனால் எண்ணிக்கையில் அதிகம். தூரத்தையும் எடையையும் பெருக்கிக் கூட்டினால் இரண்டு பக்கமும் சரிக்குச் சரி. சக்கரத்தைத் தள்ள எதுவும் மிஞ்சாது. மேலும் ஒவ்வொரு போல்ட்டும் வழுக்கி முட்டும்போது கொஞ்சம் ஆற்றல் சத்தமாகவும் சூடாகவும் போய்விடும். சும்மா சுற்றும் சக்கரத்தைவிட இது சீக்கிரம் நிற்கும். முழு நிரூபணத்தையும் நான்கு பக்கத்தில் எழுதி இணைத்திருக்கிறேன். மூன்று தடவை சரிபார்த்தேன். ஓயாது என்று ஒன்று உலகத்தில் இல்லை, மாமா. ஓயும்.

முதல் தேர்வில் எனக்கு வந்த மதிப்பெண்ணை அம்மாவிடம்கூடச் சொல்லவில்லை. மேடம் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதே இல்லை, கடைசி பெஞ்சு என்றுதான் கைகாட்டுவார். அவர் கண்ணில் நான் முதல்முதலாகப் படுவது தானாகச் சுற்றும் சக்கரத்தோடு என்றால் மீதி மூன்று வருஷமும் நான் தலை நிமிர முடியாது. இதைப் புரிந்துகொள்ளுங்கள்.

கே.


அக்டோபர் 2

மதிப்பிற்குரிய மருமகளுக்கு,

வணக்கம். கண்காட்சியிலிருந்து பத்திரமாக வீடு வந்து சேர்ந்தேன். சக்கரமும் வந்து சேர்ந்தது. கேட்க மறந்திருப்பாய், அதனால் நானே தெரிவித்தேன்.

எனக்குக் கோபம் ஒன்றும் இல்லை. கோபம் எனக்கு வராது என்று ஊருக்கே தெரியும். சக்கரத்தை இறக்கிவைத்துவிட்டு அங்கேயே நின்ற வேன் டிரைவர்தான் வழி முழுக்கச் சிரித்துக்கொண்டு வந்தான். "உங்க மருமகளா சார் அது? 'அவர் சொல்றது எதையும் நம்பாதீங்க மேடம், வாயைத் தொறந்தாலே பொய்'னு போட்டு உடைச்சிருச்சே!" என்றான். "அது இல்லப்பா, எங்க வீட்டுல அப்படித்தான் செல்லமா பேசிக்குவோம்" என்றேன். நம்பிவிட்டான்.

வேலை ஏராளம். ஓட்டலில் ஒரு பெரிய மாநாடு. ஆயிரம் மேசை விரிப்பு. இனி அடிக்கடி எழுத நேரம் இருக்காது.

இப்படிக்கு,
மாமா


அக்டோபர் 30

மாமாவுக்கு,

அப்படிப் பேசியிருக்கக் கூடாது. அதுவும் அத்தனை பேர் நடுவில்.

ஆனால் நீங்களும் ஒன்றை மறைக்கிறீர்கள். மேடம் வந்து சும்மா, "இது யார் செஞ்சது?" என்றுதானே கேட்டார். "நான்" என்று சொல்லியிருக்கலாம். "எல்லாம் உங்க மாணவி போட்ட திட்டம் மேடம், எட்டு வயசுலயே எனக்குப் படம் வரைஞ்சு கொடுத்துட்டா, நான் வெறும் கூலியாள்" என்று ஏன் சொன்னீர்கள்? பக்கத்தில் என் வகுப்பு மொத்தமும் நின்றது. யாரோ பின்னால் "ஓயாச் சக்கரமாம்டி" என்று சிரித்தது எனக்குக் கேட்டது, உங்களுக்குக் கேட்கவில்லை. என்னைத் தூக்கிவிடுவதாக நினைத்துச் சொன்னீர்கள் என்று இப்போது தெரிகிறது. அந்த நிமிஷம் தெரியவில்லை.

சொல்லிவிட்டு நூலகத்துக்குப் போய் உட்கார்ந்துகொண்டேன். நீங்கள் சாப்பிட்டீர்களா, வேன் எப்போது திரும்பி வந்தது, ஒன்றும் பார்க்கவில்லை. சக்கரத்தைக்கூட நான் நின்று பார்க்கவில்லை.

இரண்டு வரி எழுதுங்கள். திட்டியாவது எழுதுங்கள்.

கே.


ஜனவரி 18

அன்புள்ள மாமாவுக்கு,

மூன்று மாதத்துக்கு மேலாக உங்களிடமிருந்து ஒன்றும் இல்லை. இந்தக் கடிதத்தைப் பாதியில் கிழித்துவிடாதீர்கள். முழுக்கப் படியுங்கள்.

நேற்று ஆய்வகத்தில் ஒரு சோதனை. ஒரு கனத்த சக்கரத்தைச் சுற்றிவிட்டு அது கொஞ்சம் கொஞ்சமாக எப்படி வேகம் குறைந்து நிற்கிறது என்று அளக்க வேண்டும். வேகம் குறைகிற விதத்தை வைத்து உராய்வு எவ்வளவு என்று கண்டுபிடிக்கலாம். எங்கள் கல்லூரிச் சக்கரம் கரகரவென்று நாலு சுற்றுச் சுற்றி நின்றுவிடுகிறது. பேனாவைத் திறப்பதற்குள் முடிந்துபோகிறது. எல்லாரும் புலம்பிக்கொண்டிருந்தோம். மேடம் என்னிடம் வந்து, "உங்க மாமாவோட சக்கரம் கிடைக்குமா?" என்றார்.

கிண்டல் என்று நினைத்தேன். கிண்டல் இல்லை. கண்காட்சி அன்று நான் போன பிறகு மேடம் ஒரு வகுப்பு எடுத்துவிட்டுத் திரும்பி வந்தாராம். கூட்டம் கலைந்து நீங்கள் மட்டும் நாற்காலியில் உட்கார்ந்திருந்தீர்களாம். சக்கரம் சுற்றிக்கொண்டே இருந்ததாம். "யாரும் தொடலையே?" என்று கேட்டாராம். நீங்கள் சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தீர்களாம். "நான் இத்தனை வருஷத்துல இவ்வளவு சுத்தமா சமன் பண்ணின சக்கரத்தைப் பார்த்ததில்லை. அந்தக் குழாய், போல்ட்டு எல்லாம் வெறும் அலங்காரம்தானே? பற்றவைச்சிருந்ததே" என்றார்.

அறைக்கு வந்து உங்கள் ஆகஸ்ட் கடிதத்தை எடுத்தேன். நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். அத்தை தூங்க முடியவில்லை என்றதால் பற்றவைத்ததாக, எடை சரிபார்த்ததாக, எண்ணெய் மாற்றியதாக. எந்திரம் வரவேற்பறைக்குச் சாவி கேட்கப் போன கதைக்குப் பக்கத்தில் அது இருந்ததால் அதையும் ஒரு கதையாகத் தாண்டிப் போய்விட்டேன். மாமா, என் நான்கு பக்க நிரூபணம் முழுக்க ஜூலையில் வந்த படத்துக்கு. அதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் அந்தச் சக்கரம் அப்போது உலகத்திலேயே இல்லை. நீங்கள் வேனில் கொண்டுவந்தது வேறு சக்கரம்.

அதுவும் ஓயும். ஆனால் எவ்வளவு நேரம் கழித்து? அதைத்தான் நான் கேட்டிருக்க வேண்டும். எனக்குக் கேள்விக்குறி என்று பெயர் வைத்து என்ன பிரயோசனம்?

மேடம் கல்லூரியிலிருந்தே வண்டி அனுப்புவதாகச் சொல்கிறார். செய்தவர் என்று உங்கள் பெயரைத்தான் போட வேண்டும் என்று சொல்லிவிட்டேன். கொடுப்பீர்களா?

கே.


பிப்ரவரி 9

அன்புள்ள கேள்விக்குறிக்கு,

உன் மேடத்துக்கு என் வணக்கம். பெரிய படிப்பாளிகளுக்குத்தான் பெரிய வேலை தெரியும் என்று அன்றைக்கே உன் அத்தையிடம் சொன்னேன்.

சக்கர விஷயம் கொஞ்சம் சிக்கலாகிவிட்டது. என்ன ஆயிற்று என்றால், நம் ஓட்டலில் ஒரு பெரிய மனிதர் வந்து தங்கினார். கப்பல் வைத்திருப்பவர். கப்பல் என்றால் ஒன்றிரண்டு இல்லை. சட்டை இஸ்திரி சரியில்லை என்று சலவைக்கூடத்துக்கே இறங்கி வந்தவர் என்னோடு பேச உட்கார்ந்துவிட்டார். சக்கரத்தைப் பற்றிக் கேள்விப்பட்டதும் வீட்டுக்கே வந்துவிட்டார். பார்த்தார், அசந்துபோனார். "இதை எனக்குக் கொடுத்தே ஆகணும்" என்று கையைப் பிடித்துக்கொண்டார். மனுஷன் கண்ணில் தண்ணீர். நான்தான் இளகின மனசுக்காரன் ஆயிற்றே. தூக்கிக் கொடுத்துவிட்டேன். இப்போது ஏதோ கடலில் ஏதோ கப்பலில் சுற்றிக்கொண்டிருக்கும். அதனால் மேடத்திடம் பக்குவமாகச் சொல்லிவிடு.

நன்றாகச் சாப்பிடு. உன் அம்மாவுக்கு ஜலதோஷம், பயப்பட ஒன்றும் இல்லை.

இப்படிக்கு,
மாமா


மார்ச் 4

அன்புள்ள மாமாவுக்கு,

இரண்டு நாள் விடுப்பில் வீட்டுக்கு வந்தேன். உங்கள் வீட்டுக்கும் வந்தேன். நீங்கள் ஓட்டலில் இருந்தீர்கள். நான் வருவது தெரிந்து கூடுதல் ஷிப்ட் வாங்கிக்கொண்டீர்கள் என்று அத்தை சொன்னார்.

வேறு ஒன்றும் சொன்னார். கப்பல்காரர் யாரும் வரவில்லை. கண்காட்சி முடிந்து ஒரு வாரத்தில் நீங்களே ஆள் கூட்டிவந்து அதைக் காஸ் கட்டர் வைத்து நான்கு துண்டாக வெட்டவைத்துப் பழைய இரும்புக் கடையில் போட்டுவிட்டு வந்தீர்களாம். "வெட்டாதீங்கன்னு நானே சொன்னேன்மா, எனக்கே அதோட பழகிப் போச்சு" என்றார். அது நின்ற மூலையில் இப்போது இஸ்திரி மேசை இருக்கிறது. தரையில் நான்கு போல்ட்டு ஓட்டை மட்டும் தெரிகிறது. அதைக் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தை காபி கொடுத்தார்.

கப்பல் கதைக்காக எனக்குக் கோபம் இல்லை. நான் மனசு கஷ்டப்படக் கூடாது என்றுதான் அந்தக் கப்பலை விட்டீர்கள்.

இனி சக்கரத்தைக் கேட்க மாட்டேன். ஒன்றே ஒன்று மட்டும் கேட்கிறேன். ஆய்வகக் குறிப்பில் அந்தச் சக்கரத்தைப் பற்றி ஒரு பக்கம் எழுதட்டுமா என்று மேடத்திடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். சக்கரத்தின் அகலம், போல்ட்டின் கனம் எல்லாம் அத்தையும் நானும் யோசித்து ஓரளவுக்கு எழுதிவிட்டோம். ஒரு கட்டம் காலியாக இருக்கிறது. ஒரு தள்ளுக்கு எவ்வளவு நேரம் சுற்றியது? உங்கள் ஆகஸ்ட் கடிதத்தில் ஞாயிறிலிருந்து செவ்வாய் வரை என்று இருக்கிறது. அம்மாவிடம் ஒரு வாரம் என்றீர்களாம். வேன் டிரைவரிடம் ஒரு மாதம் என்றீர்களாம். மேடம் பார்த்தது நடுவில் கொஞ்ச நேரம்தான். முழுக்கப் பார்த்தவர் நீங்கள் ஒருவர்தான்.

இந்த ஒன்றை மட்டும் கூட்டாமல் குறைக்காமல் சொல்லுங்கள், மாமா. கால் மணி நேரம் என்றாலும் சரி. அப்படியே எழுதிக்கொள்கிறேன்.

கே.


மார்ச் 21

அன்புள்ள மருமகளுக்கு,

உன் கடிதம் வந்து பல நாள் ஆகிறது. பதில் எழுதத்தான் தினமும் உட்கார்ந்தேன். முதலில் ஏழு மணி நேரம் என்று எழுதினேன். கேட்க நன்றாக இருந்தது. பிறகு நம்புகிற மாதிரி இருக்கட்டும் என்று மூன்று மணி நேரம் ஆக்கினேன். பிறகு அந்தத் தாளையே கசக்கிப் போட்டுவிட்டேன். உன் அத்தை, "என்ன, காதல் கடிதமா எழுதுறீங்க?" என்றாள்.

எனக்குத் தெரியாது, கண்ணு.

பொய் சொல்லவில்லை. நிஜமாகத் தெரியாது. சக்கரம் நிற்பதை நான் பார்த்ததே இல்லை. தள்ளிவிடுவேன், கொஞ்ச நேரம் பார்ப்பேன். வேகம் குறைகிற மாதிரி தெரிந்தால் வேலை ஞாபகம் வந்துவிடும், கையை வைத்து நிறுத்திவிட்டுப் போய்விடுவேன். இல்லாவிட்டால் வேண்டுமென்றே இன்னொரு தள்ளு. உங்கள் கல்லூரியிலும் அப்படித்தான். மேடம் வந்து பார்த்தபோது சுற்றிக்கொண்டுதான் இருந்தது. வேன்காரன் வந்து ஹாரன் அடித்தான். கையை வைத்து நிறுத்தித்தான் ஏற்றினேன். ஓயாது என்று நான் ஊரெல்லாம் சொன்னேனே, என் கண் பார்த்த வரைக்கும் அது உண்மை.

திரும்பி வந்த பிறகு ஒரு விடுமுறை நாளில் உன் நான்கு பக்கத்தையும் எடுத்து வைத்துக்கொண்டு அதன் முன்னால் உட்கார்ந்தேன். புரிந்ததா என்று கேட்காதே. கடைசி வரியில் "ஓயும்" என்று இருந்தது புரிந்தது. சரி, இந்தப் பெண்ணா நானா பார்த்துவிடுவோம் என்று நல்ல பலமாக ஒரு தள்ளு தள்ளினேன். கடிகாரத்தை எதிரில் வைத்தேன். சத்தியமாக வைத்தேன். வேகமாகச் சுற்றும்போது அது ஒரே தகடு மாதிரி தெரியும் இல்லையா? வெகுநேரம் அப்படியே இருந்தது. அப்புறம் குழாய் தனியாக, சந்து தனியாகத் தெரிந்தது. அப்புறம் ஒவ்வொரு போல்ட்டும் தெரிய ஆரம்பித்தது. நான் பற்றவைத்த இடத்தில் ஒன்று கொஞ்சம் கோணல், அதுகூடத் தெரிந்தது. ஒவ்வொன்றாக என் முன்னால் வந்து வந்து போயிற்று. இன்னும் கொஞ்ச நேரம்தான் என்று எனக்கே தெரிந்துவிட்டது.

எழுந்து கையை வைத்துவிட்டேன். கடிகாரத்தைப் பார்க்கவில்லை. மறுநாள் காஸ் வெட்டுகிறவனைக் கூட்டிவந்தேன்.

மேடத்திடம் வேறு ஏதாவது சொல்லிக்கொள். அந்தக் கட்டத்தில் என்ன எழுதுவது என்று கேட்டால், கடைசிவரை பார்த்தவர் யாரும் இல்லை என்று எழுது.

பார்த்திருப்பேன். பக்கத்தில் ஒரு ஆள் நின்றிருந்தால் பார்த்திருப்பேன்.

மாமா